பந்தய வீரரின் சம்மதம்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், மே மாத இறுதியில் டிடி (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் பந்தயம் நெருங்கினாலே எங்கள் பணிப்பட்டியல் மாறிவிடும். பந்தயம் நடப்பது தனி மைதானத்தில் அல்ல; மக்கள் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் சாலைகளை அடைத்து உருவாக்கும் 60.7 கி.மீ. சுற்றில். 2023-இல் பீட்டர் ஹிக்மன் என்ற வீரர் அதை மணிக்குச் சராசரியாக 219 கி.மீ. வேகத்தில் கடந்தார். மைதானப் பந்தயத்தில் வண்டி தடம் விலகினால் வேகம் தணிய ஓரத்தில் இடம் இருக்கும். இங்கே இருப்பவை கல்சுவரும் விளக்குக் கம்பமும். 1911 முதல் இந்தச் சுற்றில் 250-க்கும் மேற்பட்ட போட்டியாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

இது தற்கொலைக்குச் சமம் என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் சொன்னபோது என்னால் ஏற்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் வாங்கும் சம்மதப் படிவத்தில் பலர் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். எங்களிடம் வந்த வீரர்களோ, எந்த வளைவில் தவறினால் என்ன ஆகும் என்பதை எங்களைவிடத் தெளிவாக அறிந்திருந்தார்கள். ஆனால் அறிவது மட்டும் சம்மதம் ஆகிவிடாது, மறுக்கவும் வழி இருக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பந்தயம் உலக சாம்பியன் போட்டியின் ஒரு சுற்றாக இருந்ததால், வர விரும்பாதவர்கள்கூடப் புள்ளிகளுக்காக வர வேண்டியிருந்தது. 1972-இல் தன் நண்பரும் சக வீரருமான கில்பெர்ட்டோ பார்லோட்டி இங்கே இறந்தபின், பலமுறை உலக சாம்பியனான ஜியாக்கோமோ அகஸ்டினி இனி இங்கு ஓட்டமாட்டேன் என்று விலகினார். 1976-உடன் உலக சாம்பியன் போட்டியின் பகுதி என்ற தகுதியும் போயிற்று. அதன்பின் வருபவர்கள் பெரும்பாலும் விரும்பி வருபவர்களே என்பதால், அவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

என் மனம் ஒப்பாத இடம் வேறு. நூற்றாண்டு விழா நடந்த 2007-இல் ஒரே விபத்தில் ஒரு வீரரோடு பார்வையாளர்கள் இருவரும் இறந்தார்கள். பாதுகாப்புப் பணியில் நின்ற தன்னார்வலர்கள் இருவர் படுகாயமடைந்தார்கள். வீரர் தன் உயிருக்குச் சம்மதம் தரலாம், வேலிக்கு அப்பால் நிற்பவரின் உயிருக்கு அவர் எப்படித் தருவார்? மக்கள் எங்கே நிற்கலாம் என்பதை வரையறுப்பதில் எவ்வளவு கண்டிப்புக் காட்டினாலும் அது மிகையாகாது. வீரர்களுடைய வீட்டாரின் நிலை இன்னும் கடினமானது, அதற்கு விதி எழுத முடியாது. அவர்களிடம் பேச நேர்ந்தபோதெல்லாம் நான் தேர்வுரிமையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பந்தயச் சாலை கடந்து செல்லும் ஸ்னேஃபெல் மலைமீது மூடுபனி இறங்கி மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் போனால் பந்தயம் தள்ளிப்போகும். ரசிகர்கள் முணுமுணுப்பார்கள், வீரர்களும் பொறுமை இழப்பார்கள். அந்தத் தாமதத்தை நான் ஒவ்வொரு முறையும் முழு மனதோடு ஆதரித்தேன், ஏனெனில் வீரர் ஏற்றுக்கொண்டது சாலையின் ஆபத்தை மட்டுமே. விழுந்தபின் உதவி வந்துசேராத ஆபத்தை அவர் தலையில் சுமத்த அமைப்பாளர்களுக்கோ எங்களுக்கோ உரிமை கிடையாது.