சிலம்பத்துக்கு ஒரு தேசிய சங்கம்: நாட்குறிப்பு

23 ஜூலை 2025, புதன்

மக்களவையில் இன்று தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவைத் தாக்கல் செய்துவிட்டார்கள். கோர்ட் முடிந்து வந்ததும் நகலை இறக்கிப் படித்தேன். எங்கள் சங்கத்துக்காக நாங்கள் எழுதிவைத்திருக்கும் விதிமுறை வரைவில் பாதியைத் திருத்த வேண்டிவரும் போலிருக்கிறது. பரவாயில்லை, சங்கத்தைப் பதிவு செய்த பிறகு வந்திருந்தால் இன்னும் வம்பு.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு: நான் திருநெல்வேலியில் வக்கீல். பள்ளிக்கூட வயதிலேயே கம்பு பிடித்தவள். ஆளுக்கொரு பக்கம் பிரிந்து கிடக்கும் சிலம்பச் சங்கங்களை ஒரே தேசிய அமைப்பின் கீழ் கொண்டுவரப் பார்க்கும் ஒரு குழுவில் இருக்கிறேன். விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

எதற்கு இந்தப் பாடு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் உள்ள பாரம்பரிய விளையாட்டுப் பட்டியலில் களரிப்பயட்டு, கட்கா, தாங்-தா, மல்லர்கம்பம் இவற்றோடு சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக வைத்தார்கள். தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சேர்த்தாகிவிட்டது. ஆனால் "உங்கள் சம்மேளனம் எது?" என்று ஒரு அதிகாரி கேட்டால் நாலு பேர் கை தூக்குகிறோம். ஒரே தெருவில் ஒரே வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே பிரிவில் "தேசிய அளவில் முதலிடம்" சான்றிதழ் வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டும் லேமினேட் செய்தது, இரண்டிலும் அசோகச் சக்கரம் மாதிரி ஒன்று.

27 ஜூலை, ஞாயிறு

திருச்சியில் கூட்டம். எல்லாருக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்பதால் இங்கே. ஒருத்தர் ஊரில் வைத்தால் இன்னொருத்தர் வரமாட்டார் என்பதும் காரணம். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம்.

முதல் ஒரு மணி நேரம் யார் எங்கே உட்காருவது என்பதிலேயே போனது. மேடையில் ஐந்து நாற்காலிதான் இருந்தது. கடைசியில் கன்னியாகுமரி ஆசான் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மற்றவர்களும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்கள்.

நான் பேச எழுந்ததும், "வக்கீலம்மா, எங்க சங்கத்தைக் கலைக்கணுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கலைக்க வேண்டாம், மாவட்டச் சங்கமாகவோ மாநிலச் சங்கமாகவோ இணையலாம் என்றேன். "அப்போ தலைவர் யாரு?" தேர்தல் வைத்துத்தான் என்றதும் மண்டபமே அமைதியாகிவிட்டது.

தேர்தலை ஒழுங்காக நடத்தாவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்டார்கள். பெரிய இடத்துக்கே ஆன கதையைச் சொன்னேன். தேர்தலில் வெளித் தலையீடு, குற்றப்பத்திரிகை உள்ளவர்கள் பதவிக்கு வருவது என்ற தகராறில் 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தையே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது. 2014 பிப்ரவரியில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டிப் போட்டி வீரர் ஷிவ கேசவனும் கூட வந்த இந்திய வீரர்களும் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "நமக்கு ஒலிம்பிக்கே இல்லையே, இடைநீக்கம் பண்ண என்ன இருக்கு?" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமாக நடந்தது.

2 ஆகஸ்ட், சனி

இருபத்து நான்கு. இந்த எண் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மத்திய அரசின் 2011 தேசிய விளையாட்டு நெறிமுறைப்படி மத்திய அங்கீகாரம் வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் கிளை இருக்க வேண்டும். 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம், மொத்தம் 36. அதில் மூன்றில் இரண்டு 24. கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு மொழிக்காரர்களோடு வளர்ந்த கலைக்கு 24 எங்கே போவது?

உண்மையாகக் கம்பு சுற்றும் இடங்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். தமிழ்நாடு, புதுச்சேரி. கேரளத்தின் தெற்கு, பெங்களூரு, ஆந்திரத்தில் சித்தூர்ப் பக்கம், மும்பையில் தாராவி, டெல்லித் தமிழர்கள், அந்தமான். மேற்கொண்டு பேனா நகரவில்லை. மலேசியாவை எழுதலாம், ஆனால் அது இந்திய மாநிலம் இல்லையே. பெரிய வேடிக்கை என்னவென்றால், நம்மிடமிருந்து கடல் தாண்டிப்போன கலைக்கு அங்கே ஆள் இருக்கிறது, ஜார்க்கண்டில் இல்லை.

குழுவில் ஒருவர் வழி சொன்னார். வடக்கே ஒருவர் இருக்கிறாராம். ஏற்கெனவே நாலைந்து விளையாட்டுகளுக்கு மாநிலச் செயலாளர். நம் பெயரில் ஒரு லெட்டர் பேட் அடித்து, பக்கத்து மாநிலங்களுக்கும் ஆள் பிடித்துத் தருவாராம். "ஒரு மாநிலத்துக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்." நான் அவரோடு போனில் பேசினேன். எனக்குத் தெரிந்த இந்தியில், கம்பின் நீளம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்கள் அனுப்புங்கள், அதையே வைத்துக்கொள்வோம்" என்றார். நல்ல மனிதர்தான், பொய்யே சொல்லவில்லை.

என் கருத்தைக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: இல்லாத மாநிலத்தைக் காகிதத்தில் காட்டி அங்கீகாரம் வாங்கினால், நாளைக்குத் தேர்தலில் அந்தக் காகித மாநிலங்கள்தான் ஓட்டுப் போடும். மாநிலத்துக்கு மாநிலம் ஓட்டு சமம். திருநெல்வேலி, கன்னியாகுமரி, மதுரை மூன்றும் சேர்ந்தாலும் தமிழ்நாட்டுக்கு உள்ள பங்கில் ஒரு துணுக்கு. சிலம்பம் தெரியாதவர்கள் கையில் சிலம்பச் சங்கம் போய்விடும். நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இன்னமும் பதில் இல்லை. ஒருவர் மட்டும் "வணக்கம், இனிய காலை" என்று ரோஜாப் பூ அனுப்பியிருக்கிறார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பை எடுத்தோம். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளி மைதானம். பொது விதி எழுத வேண்டுமானால் தொடுமுறைப் போட்டியில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டியில், எது புள்ளி, எது இல்லை என்று முதலில் முடிவாக வேண்டும். ஒருவராக ஆடிக் காட்டும் தனித்திறமை, ஆயுதப் பிரிவுகளான வேல்கம்பு, சுருள்வாள், மான்கொம்பு இவற்றில் மதிப்பெண் தகராறு எப்போதும் இருக்கும். ஆனால் அடிதடி வரைக்கும் போவது தொடுமுறைதான்.

கம்பின் நுனியில் துணி சுற்றி, ஈரமாக்கி, சாக்பீஸ் தூளில் முக்கினோம். இரண்டு பெண் பிள்ளைகள், பதினாறு வயது இருக்கும், கறுப்புச் சட்டையோடு வட்டத்துக்குள் வந்தார்கள். வணக்கம் சொல்லும் சலாம் வரிசை போட்டார்கள். ஒருத்தி காலடி மாற்றி உள்ளே புகுந்தாள். மற்றவள் குனிந்தாள், கம்பு தலைக்கு மேலே போனது, திரும்பி வரும்போது நுனி தோளை உரசியது. தோளில் வெள்ளையாக ஒரு கீற்று, பால்பாயிண்ட் பேனாவில் இழுத்த மாதிரி.

"புள்ளி" என்றார் மதுரை வாத்தியார்.

"எப்படிப் புள்ளி? அடியில் கனமே இல்லையே. உரசினதெல்லாம் அடியா?" என்றார் சேலத்துக்காரர்.

குமரி ஆசான் கம்பை வாங்கினார். துணி சுற்றிய நுனியைச் சேலத்துக்காரர் கழுத்துக்கு நேராக நீட்டி, "இதுல ஒரு கத்தி கட்டியிருந்தா? கனம் பார்ப்பியளா?" என்றார். சேலத்துக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, கடைசியில் இப்படி எழுதினேன்: நுனித் துணி பட்டு அடையாளம் விழுந்தால் புள்ளி, கம்பின் நடுப்பகுதி பட்டால் இல்லை, கம்பு கையைவிட்டு விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. அடியின் கனம் கணக்கில் வராது. தலைக்கவசம் கட்டாயம், அதில் யாருக்கும் மறுப்பில்லை.

கம்பின் நீளம்தான் முடியவில்லை. புருவ உயரம் என்பது வழக்கம். ஆளுக்கு ஆள் புருவம் மாறும். ஒரே அளவு, ஐந்தரை அடி என்று வைத்தால் குட்டைப் பிள்ளைகளுக்குப் பாரம். புருவ அளவு என்று வைத்தால் நெட்டையானவனுக்கு எட்டும் தூரம் கூடும். எடைப் பிரிவு இருக்கும்போது புருவ அளவே போதும் என்பது என் கட்சி. கம்பு கல்மூங்கிலா பிரம்பா என்ற கேள்வியை நானே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டேன். அதை இன்றைக்கு எடுத்திருந்தால் பஸ்ஸை விட்டிருப்போம்.

திரும்பி வரும்போது செய்தி: மாமல்லபுரத்தில் நடக்கிற ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புடிஹாலுக்கு வெண்கலம். இந்திய அலைச்சறுக்குச் சம்மேளனம் தொடங்கியது 2011இல். பொறாமையாகத்தான் இருந்தது. அவர்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பலகை, ஒரே கடல், மேலே கேட்க ஒரு சர்வதேச அமைப்பு.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று மக்களவை, இன்று மாநிலங்களவை. மசோதா நிறைவேறிவிட்டது.

செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. குறைந்தது நான்கு பெண்கள். சாதித்த விளையாட்டு வீரர்கள் குறைந்தது இரண்டு பேர். தகராறு வந்தால் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம், அங்கிருந்து மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு. சங்க வழக்குகளால் பிழைத்துவந்த எங்கள் வக்கீல்கள் சிலருக்கு இது கெட்ட செய்தி.

நான்கு பெண்கள் என்றதும் போன் ஓயவில்லை. "மேடம், எங்க வீட்டம்மா பெயரைப் போட்டுக்கலாமா? ஆதார் ரெடியா இருக்கு." இன்னொருவர் தம் மருமகளை. அவர்கள் கம்பு சுற்றுவார்களா என்றால், "பார்த்துப் பழக்கம்" என்கிறார். இத்தனைக்கும் அன்று மைதானத்தில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். நடுவர் வேலைக்கு வந்த மூன்று பெண்கள் பத்து வருஷத்துக்கு மேல் ஆடியவர்கள். அவர்கள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. வரைவில் ஒரு வரி சேர்த்தேன்: செயற்குழுவுக்கு நிற்கிற பெண்கள் முன்னாள் அல்லது இந்நாள் வீராங்கனைகளாகவோ நடுவர்களாகவோ பயிற்சியாளர்களாகவோ இருக்க வேண்டும். அந்த வரியைக் காப்பாற்றச் சண்டை போட வேண்டிவரும், தெரியும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

18ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். இனி அது சட்டம்.

இன்று இணையக் கூட்டம். பாதி நேரம் "மைக்கை அணையுங்க அண்ணே".

ஒரு நல்ல விவாதம் நடந்தது, அதை எழுதிவைக்க வேண்டும். மதுரை வாத்தியார் கேட்டார்: "கள்ளபத்து, குறவஞ்சி, துளுக்காணம், பனையேறி மல்லு, நாகம் பதினாறுன்னு சிலம்பத்துல இவ்வளவு வகை இருக்கு. ஒரே விதின்னு கொண்டுவந்தா எது நிக்கும், எது போகும்?"

கபடியைப் பார்க்கச் சொன்னேன். நம் ஊர் சடுகுடு உட்பட ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாதிரி ஆடியது அது. சஞ்சீவனி, காமினி, அமர் என்று வகைகள் இருந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்தியச் சம்மேளனம் வந்தது, விதிகள் ஒன்றாகின, அவுட் ஆனவர் திரும்பி வரும் சஞ்சீவனி வகைதான் நின்றது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் நுழைந்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரான் நம்மை வீழ்த்துகிற அளவுக்கு வெளியே பரவியது. மற்ற வகைகள் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டுமே உண்மை, இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதனால் என் யோசனை: தொடுமுறைக்கு ஒரே விதி. தனித்திறமைப் பிரிவில் மட்டும், ஆடுகிறவர் எந்த வரிசையை ஆடுகிறார் என்று முன்கூட்டி எழுதிக் கொடுக்கட்டும். நடுவர் குழுவில் அந்த வரிசை தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். கஷ்டம்தான். ஆனால் பாட வரிசைகளை வீடியோவில் பதிவு செய்து வைக்க வேண்டிய கட்டாயம் அதனாலேயே வரும். குமரி ஆசான் ஒருவர்தான் உடனே சரி என்றார்: "நான் போறதுக்குள்ள எடுத்துருங்க தாயி."

களரிப்பயட்டு விஷயமும் வந்தது. இந்த வருஷம் உத்தராகண்ட் தேசிய விளையாட்டில் அதைப் பதக்கப் போட்டியாக இல்லாமல் காட்சியாக வைத்ததில் கேரளத்தார் கொதித்தார்கள். அவ்வளவு பழைய சம்மேளனம் உள்ளவர்களுக்கே அந்த நிலை. நாம் இரண்டு வருஷத்தில் பதக்கம் வாங்கித் தருகிறோம் என்று பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னேன். போட்டார்கள். எல்லாரும் மதிப்பார்களா என்பது வேறு.

7 செப்டம்பர், ஞாயிறு

மறுபடி திருச்சி. இந்த முறை மேடையே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

பெயரில் பெரிய இழுபறி. "இந்திய", "தேசிய" என்ற சொற்களைச் சங்கப் பெயரில் வைக்க மத்திய அரசின் ஆட்சேபமில்லாச் சான்று வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. இது தெரிந்ததும், ஏற்கெனவே பலகையில் "அகில இந்திய" என்று எழுதிவைத்திருக்கும் இரண்டு பேர் முகம் வாடிப்போனது. இப்போதைக்கு அந்தச் சொற்கள் இல்லாத ஒரு பெயரில், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவு செய்வது. ஆள் இருக்கிற மாநிலங்களை மட்டும் உறுப்பாகச் சேர்ப்பது. 24 வந்த பிறகு அங்கீகாரத்துக்குப் போவது என்று முடிவானது. காகித மாநிலக் கட்சி கையை உயர்த்தவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. வடக்கத்திக்காரர் வேறொரு சங்கத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று தேநீர் நேரத்தில் தெரிந்தது.

இடைக்காலக் குழு பதினோரு பேர். பெண்கள் நால்வரும் ஆடியவர்கள். அந்த வரி பிழைத்துவிட்டது, ஆனால் "அல்லது விளையாட்டில் ஆர்வமுள்ளவர்கள்" என்று ஒரு வாலை ஒட்டப் பார்த்ததை மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. கடைசி முறை நான் பேசவே இல்லை, நடுவர் பெண்களில் ஒருத்தியே எழுந்து அடித்தாள்.

வங்கிக் கணக்குக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து. வீரர் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம்; வயதைக் குறைத்து ஜூனியரில் ஆடவிடும் பழக்கம் இதோடு போக வேண்டும். பழைய சான்றிதழ்களுக்கு என்ன மதிப்பு என்று பெற்றோர் கேட்பார்கள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

பதிவாளர் அலுவலகத்துக்குப் புதன்கிழமை போகிறோம். சேலத்துக்காரர் கையெழுத்து மட்டும் பாக்கி. உரசினால் புள்ளி என்ற விதிக்குக் கீழே தன் மறுப்பையும் பதிவு செய்தால் போடுகிறேன் என்கிறார். பதிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குள் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வாரம் போய்விடும்.