26 கிலோ சிப்பம்

மண்டபம் அகதிகள் முகாமுக்கு நாங்கள் வந்தது 2006இல். வந்து நாலாம் நாள், காப்பு விற்ற காசோடு கடைக்குப் போய் "சவர்க்காரம் இருக்கா?" என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. கையைத் தேய்த்துக் காட்டிய பிறகுதான் "அட, சோப்பா!" என்று சிரித்தார். ஐந்து கட்டி கேட்டேன். "எதுக்கும்மா அஞ்சு? நாளைக்கும் கடை இருக்கும்ல" என்றார். அந்த வார்த்தையை நம்ப எனக்கு ஏழெட்டு வருடம் பிடித்தது.

நான் வளர்ந்தது இலங்கையில், மன்னார் விடத்தல்தீவுப் பக்கம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எதுவானாலும் கண்ட அன்றே வாங்கி வைத்தால்தான் உண்டு. அம்மா ஒரு கட்டியை நூல் போட்டு நாலாக அறுப்பா. ஒரு துண்டு கிணற்றடிக்கு, மூன்று டிரங்குப் பெட்டிக்குள். படகேறிய இரவு அந்தப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது, நிறைந்தபடி.

பழக்கம் மட்டும் என்னோடு வந்தது. வந்து சேர்ந்த இடமோ ஒரு சின்ன அறை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிச் சனத்தை நோய் பார்த்து அனுப்ப மறித்து வைத்திருந்த முகாம் இது. மூட்டை அடுக்கி வைக்கவா கட்டியிருப்பார்கள்?

முதல் ஐப்பசியிலேயே பாடம் படித்தேன். ராமநாதபுரத்து மொத்தக் கடையில் சீனி 10 கிலோ, சலவைத்தூள் 5 கிலோ. கிலோவுக்கு நாலு ரூபாய் மிச்சம் என்று பெருமையாகச் சுமந்து வந்தேன். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து பத்து நாளில் சீனிப் பையின் அடி கசிந்தது. சிமெண்டுத் தரையில் பாகு ஓட, அதன் இரு கரையிலும் எறும்பு. சலவைத்தூள் கல்லாகிவிட்டது; அம்மிக்குழவியால் உடைத்து உடைத்துத் தைப்பொங்கல் வரை துவைத்தேன். இவர் பெயின்ட் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "சுத்தியலும் மொத்தமா வாங்கியிருக்கலாம்" என்றார்.

அரிசிக் கணக்கு வேறு. வந்த புதிதில் முகாம் அரிசி கிலோ 57 காசு, பிறகு இலவசமாயிற்று. அதை இட்லி, தோசைக்கு வைத்துக்கொண்டு சோற்றுக்கு வெளியில் வாங்குவோம். 25 கிலோவாக இருந்த சிப்பம் 2022இல் திடீரென்று 26 ஆனது. அந்த ஜூலை 18 முதல், பெயர் அச்சடித்துக் கட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. வியாபாரிகள் ஒரு கிலோ கூட்டிக் கட்டி வரிக்கு வெளியே போய்விட்டார்கள். அப்படி ஒரு சிப்பம் 1,300 ரூபாய்க்கு வாங்கினேன். இங்கே சில்லறையில் கிலோ 54. ஆக 104 ரூபாய் மிச்சம். பஸ்ஸில் லக்கேஜ் 20, ஆட்டோ 40. நின்றது 44. இரண்டாம் மாதம் வண்டு விழுந்து, புடைத்துக் கொட்டியதை எந்தக் கணக்கில் எழுத? இன்னொன்றும் உண்டு: டிரம் நிறைய அரிசி கிடந்தால் கை தாராளமாக அள்ளும். அடி தட்டும்போதுதான் உழக்கின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது.

ஷாம்புவில் என் எண்ணமே தலைகீழானது. பெரிய போத்தல்தான் மலிவு என்றிருந்தேன். மகள் விலையை மில்லிக்கு வகுத்துப் பார்த்து, "அம்மா, ஒரு ரூபாய்ப் பாக்கெட்தான் லாபம்" என்றாள். அன்றிலிருந்து சரம் சரமாகத் தொங்குவதில் தேவைக்குக் கிழித்து வாங்குகிறோம்.

எனக்குச் சரிப்பட்டது பங்குதான். 2021இல் முகாம் குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகையைக் கூட்டினார்கள்: குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000. எங்கள் மூவருக்கும் சேர்த்து 3,500. அது கைக்கு வரும் நாளில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு எண்ணெய் டின் எடுப்போம். வீட்டுக்கு மூன்று லிட்டர். டின்னில் லிட்டரா கிலோவா என்று முதலில் பார்ப்பேன். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான். 15 கிலோ டின் என்று நினைத்து 15 லிட்டர் டின்னை எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் அடிபடும். பேசாலை அக்கா புனலைப் பிடிப்பா, நான் ஊற்றுவேன். கடைசிச் சொட்டு வடிய டின்னைச் சாய்த்து வைத்துவிட்டு ஊர்க்கதை கதைப்போம். காலி டின் முறை வைத்து ஒரு வீட்டுக்கு.

தனியாக மொத்தமாய் வாங்குவது இரண்டே இரண்டு. மாசி, பங்குனியில் முண்டு மிளகாய். மொட்டைமாடியில் இன்னும் மூன்று வெயில் காட்டி, காற்றுப் புகாத டின்னில் அடைத்தால் வருடம் ஓடும். மற்றது கருவாடு. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடை தொடங்கி விசைப்படகுகளைக் கட்டிவிட்டால் ஜூன் 14 வரை நாட்டுப்படகு மீன்தான், விலைக்குக் கிட்டப் போக முடியாது. அதற்கு முன்பே வாங்கிவிடுவேன். கருவாடு விஷயத்தில் மட்டும் அண்ணாச்சி "எதுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்பதில்லை. அவர் வீட்டுக் கொடியிலும் அதுதான் தொங்குகிறது.

அடுத்த மாத டின்னுக்கு ஆறாவதாக ஒரு வீடு கேட்டிருக்கிறது. வீட்டுக்கு இரண்டரை லிட்டர். அரை லிட்டர் அளவை ஒன்று வாங்கவேண்டும்.