வீங்கிய காலிலிருந்து கழுத்துச் சிரை வரை: நிணநீர்க் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

ரத்தத் தந்துகிகளிலிருந்து, அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து, நீர் ஓயாமல் கசிகிறது. கசிந்ததில் பெரும்பகுதி அதே தந்துகியின் சிரை முனையில் திரும்ப உறிஞ்சப்படும், மிச்சம்தான் நிணநீர் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள்: நாளொன்றுக்கு 20 லிட்டர் வெளியே, 17 லிட்டர் உள்ளே, 3 லிட்டர் நிணநீர். இந்தக் கணக்கு இப்போது நிற்காது. பெரும்பாலான திசுக்களில் தந்துகி அப்படி நீரைத் தொடர்ந்து திரும்ப இழுப்பதில்லை. கசிந்ததில் ஏறக்குறைய எல்லாமே நிணநீர் நாளம் வழியாகத்தான் போயாக வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 8 லிட்டர் நிணநீர்க் கணுக்களுக்கு (நாளங்களின் வழியில் வடிகட்டி போல இருக்கும் சிறு முடிச்சுகள்) வந்து சேர்கிறது. அதில் பாதி நீரைக் கணுக்களுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களே எடுத்துக்கொள்ள, மீதி 4 லிட்டர் போல கழுத்துச் சிரையில் கலக்கிறது.

நீரைவிடப் பெரிய விஷயம் புரதம். ரத்தத்தில் ஓடும் புரதத்தில் கால் பங்கு முதல் பாதி வரை ஒரே நாளில் திசுவுக்குள் கசிந்துவிடுகிறது. வெளியே வந்த அல்புமினுக்கு (ரத்தத்தின் முக்கியப் புரதம்) நேராகத் தந்துகிக்குள் திரும்ப வழி கிடையாது. நிணநீர் நாளம் ஒன்றுதான் வழி. அது அடைபட்டால் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மார்ச் 4, செவ்வாய்

நிணநீர்த் தந்துகி ஒரு முனை மூடிய குழாய். அதன் சுவர்ச் செல்கள் கூரை ஓடுகள் போல ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் படிந்திருக்கும். வெளியே அழுத்தம் கூடினால் விளிம்பு உள்பக்கம் திறந்து நீரை விடும். உள்ளே அழுத்தம் கூடினால் படிந்து மூடிக்கொள்ளும். இந்தச் செல்களை மெல்லிய இழைகள் சுற்றுத் திசுவோடு கட்டி வைத்திருக்கின்றன. அதனால் திசு வீங்கும்போது தந்துகி நசுங்குவதில்லை. இழைகள் சுவரை இழுத்துப் பிடித்து வாயை இன்னும் அகலமாகத் திறக்கின்றன. எங்கே வடிகால் அதிகம் தேவையோ அங்கே தானாகவே கூடுதலாக உள்வாங்கும் அமைப்பு இது. உடற்கூறில் இதைவிட நேர்த்தியானதை அதிகம் காட்ட முடியாது.

தந்துகிகள் சேர்ந்து சேகரிப்பு நாளமாகும். இதில் இரண்டு இதழ் வால்வுகள் அடுத்தடுத்து இருக்கும். இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட துண்டுக்கு லிம்ஃபாஞ்சியான் என்று பெயர். அதன் சுவரிலுள்ள மென்தசை, நாம் படுத்திருந்தாலும் நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்கி நீரை மேலே தள்ளும். கெண்டைக்கால் தசை, பக்கத்துத் தமனியின் துடிப்பு, மூச்சு ஆகியவை கூடுதல் உதவி. நாளம் அளவுக்கு மீறி விரிந்தால் வால்வு இதழ்கள் ஒன்றையொன்று தொடாது. நீர் பின்னோக்கி வந்து தோலடித் தந்துகிகளில் தேங்கும்.

மார்ச் 6, வியாழன்

பாதை. இரண்டு கால்கள், வயிறு, இடப்பக்க மார்பு, இடக்கை, தலை கழுத்தின் இடப்பாதி எல்லாம் மார்பு நிணக்குழாய்க்கு வரும். வலக்கை, தலை கழுத்தின் வலப்பாதி, மார்பின் வலப்பாதி மட்டும் வலது நிணக்குழாய்க்குப் போகும்.

மார்பு நிணக்குழாய் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் உயரத்தில் தொடங்குகிறது. அங்கே ஒரு பை இருப்பதாகப் படங்கள் காட்டும். பலரிடம் தெளிவான பையே இருக்காது. பெருந்தமனியோடு உதரவிதானத்தைக் கடந்து, பெருந்தமனிக்கும் அசைகஸ் சிரைக்கும் (முதுகெலும்பின் வலப்புறம் ஏறும் சிரை) நடுவே, உணவுக்குழாய்க்குப் பின்னால் நடுக்கோட்டுக்கு வலப்புறமாக ஏறும். ஐந்தாம் மார்பு முள்ளெலும்பை ஒட்டி இடப்பக்கம் தாண்டி, இடது கழுத்தடியில் உள்கழுத்துச் சிரையும் காறையடிச் சிரையும் சேரும் இடத்தில் திறக்கும். பாடநூலில் தடித்த பச்சைக் கோடாக வரைகிறார்களே, நேரில் அப்படி இருக்காது. சில மில்லிமீட்டர் அகலம், நிறமில்லை, சுவர் மெல்லிசு, வால்வு உள்ள இடங்களில் மணி கோத்தது போன்ற புடைப்பு. கொழுப்போடு கொழுப்பாகக் கிடக்கும். உணவுக்குழாய் அறுவை சிகிச்சையில் இது காயம்படுவதற்கு இதுவே காரணம்.

காயம்பட்டதா என்பது உணவு உள்ளே போன பிறகு தெரியவரும். குடலில் உறிஞ்சிய நீள்சங்கிலிக் கொழுப்பு கைலோமைக்ரான்கள் என்னும் நுண்ணிய கொழுப்புத் துளிகளாகக் குடல் நிணநாளங்கள் வழியே இங்கேதான் வருகிறது. மார்பில் செருகிய வடிகுழாயில் பால் போல நீர் வடிந்தால் அதில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். 110 மி.கி./டெ.லி.க்கு மேல் என்றால் நிணக்கசிவு பெரும்பாலும் உறுதி. பட்டினியில் இருப்பவருக்குத் தெளிவாகவே வடியலாம். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும் என்பதால் உணவில் அதைக் கொடுத்து நிணக்குழாய்க்குச் சுமையைக் குறைக்கிறார்கள்.

மார்ச் 10, திங்கள்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. கணுவுக்குள் என்ன நடக்கிறது?

உறையைத் துளைத்துப் பல நாளங்கள் உள்ளே வரும். உட்குழிவு வழியே ஒன்றிரண்டுதான் வெளியே போகும். உறைக்கு அடியிலேயே விழுங்கணுக்கள் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) காத்திருக்கின்றன. புறணியில் பி செல் திரள்கள், அதற்கு உள்ளே டி செல் பகுதி; இரண்டும் லிம்போசைட்டுகள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள். புண்ணிலிருந்து கிருமித் துண்டுகளைத் தூக்கிவரும் டென்ட்ரைட்டிக் செல்கள் டி செல்களிடம் காட்டுவது இங்கேதான். லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை நிணநீரில் வருவதில்லை, கணுவின் தனிவகைச் சிரைநுண்குழாய்கள் வழியே ரத்தத்திலிருந்து இறங்குகின்றன. தொற்று வந்ததும் கணுவுக்கு ரத்த ஓட்டம் கூடும், வெளியேறும் வாசல் தற்காலிகமாக அடைபடும், அதன் பிறகு பொருத்தமான செல்கள் பெருகும். உறை இழுபடுவதால் வலி.

எந்தக் கணு என்பதற்கு உடற்கூறு தெரிய வேண்டும். விதைப்பையின் தோல் தொடை இடுக்குக் கணுக்களுக்கு வடியும். விதையோ கருவில் தோன்றிய இடத்துக்கே, அதாவது வயிற்றில் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்கு வடியும். விதைப் புற்றுக்கு விதைப்பையைக் கிழிக்காமல் தொடை இடுக்கு வழியே எடுப்பது அதனால்தான். கிழித்தால் புற்றுக்கு இன்னொரு வடிகாலையும் நாமே திறந்துவிடுகிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

கணுக்களைத் தடவிப் பார்க்கும் முறை. விரல் நுனியால் குத்தக் கூடாது. விரல்களின் சதைப்பகுதியை வைத்து, தோலை அதன் அடித்திசு மேல் மெல்ல உருட்ட வேண்டும். அக்குளுக்கு, நோயாளியின் கையை நாம் தாங்கிக்கொண்டால்தான் தசை தளரும். அப்போதுதான் உச்சியும் நான்கு சுவர்களும் எட்டும். காறை எலும்புக்கு மேலே பார்க்கப் பின்னால் நின்றுகொள்வது வசதி.

மென்மையாக, வலியோடு, நகரக்கூடியதாக இருந்தால் பெரும்பாலும் தொற்று. கல் மாதிரி, வலியில்லாமல், அடித்திசுவோடு ஒட்டியிருந்தால் கவலைப்பட வேண்டும். தொடை இடுக்கில் 1.5 செ.மீ. வரை இயல்பாகவே கிடைக்கலாம். இடது காறை எலும்புக்கு மேல் சிறிதாக இருந்தாலும் விடக் கூடாது, வயிற்றுப் புற்று மார்பு நிணக்குழாய் வழியே வந்து இறங்கும் இடம் அது. நான்கு வாரம் தாண்டியும் குறையாத கட்டிக்குக் காரணம் தேட வேண்டும். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுப்பதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். கட்டி சுருங்கும், எல்லோருக்கும் நிம்மதி வரும், பயாப்சியில் (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று தென்படாமல் போகும்.

மார்ச் 15, சனி

நிணவீக்கம், அதாவது நிணநீர் வடியாமல் வரும் வீக்கம். புரதம் திசுவில் தேங்கினால் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளடைவில் நார்த்திசுவும் கொழுப்பும் சேர்ந்து தோல் தடிக்கும். நீர் மாத்திரையால் இது தீராது. நீரைக் குறைத்தாலும் புரதம் அங்கேயே கிடக்கும், மறுபடி நீர் கோர்க்கும்.

சோதனை எளிது: இரண்டாம் கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பாக எழவில்லை என்றால் பெரும்பாலும் நிணவீக்கம். எழுந்துவிட்டால் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது, தொடக்க நிலையில் எழலாம். அளவை நாடாவால் கணுக்காலிலிருந்து 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு கால்களையும், ஒவ்வொரு முறையும் நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும்.

வீக்கம் குறையக் காலை அழுத்திக் கட்டுவது சிகிச்சை. கட்டுக்கு முன் பாத நாடி பார்க்காமல் துணியையே தொடக் கூடாது. தமனி அடைப்பு இருந்தால் கட்டு காலைக் கொல்லும். தோலில் செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடித்திசுவிலும் பரவும் பாக்டீரியாத் தொற்று) சூடாக இருக்கும்போதும் கட்டுவதில்லை. நீட்சி குறைந்த பேண்டேஜ்தான் வேண்டும்: ஓய்வில் அழுத்தம் குறைவு, நடக்கும்போது தசை அதன்மேல் மோதி அழுத்தம் கூடும். விரல்களில் தொடங்கி, பாதி அகலம் மேல்படியச் சுற்றி, கணுக்காலில் அதிகமும் மேலே போகப்போகக் குறைவுமாக அழுத்தம் அமைய வேண்டும். மேலே இறுக்கிக் கீழே தளர்த்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாதம் இன்னும் வீங்கும். விரல் நீலமானால், மரத்தால் உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

தேங்கிய நீரைக் கையால் தடவி வடிக்கும்போது கழுத்தில் தொடங்கி, உடலுக்கு வந்து, அப்புறம் தொடை, கெண்டைக்கால், கடைசியாகப் பாதம். மேல்வழி காலியானால்தானே கீழ்நீர் நகரும்? தோல் சற்று இழுபடும் அளவுக்கு அழுத்தம் போதும். 'நச்சு நீக்கும்' என்று இதை விற்பவர்களை நம்ப வேண்டாம். நிணநீர் உடலைவிட்டு எங்கும் போவதில்லை, ரத்தத்துக்குத்தான் திரும்புகிறது.

தினமும் சோப்பு நீரில் கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். விரலிடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு போதும், பாக்டீரியா புக. ஒவ்வொரு காய்ச்சலும் செல்லுலைட்டிஸும் மிச்சமிருக்கும் நாளங்களில் இன்னும் சிலவற்றைத் தழும்பாக்கிவிட்டுப் போகிறது. கால் சிவந்து, சுட்டு, குளிர்க்காய்ச்சல் வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.