இரண்டாவது திரை மாட்டினால் பேட்டரி எங்கே போகிறது?

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் அம்மா வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். அப்புறம் பேட்டரிதான் கதி. தனியாக ஓடினால் மழை விடும்வரை தாங்குகிற லேப்டாப், கையடக்கத் திரையை மாட்டினால் மட்டும் மளமளவென்று இறங்கியது.

அந்தத் திரை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பிடமே கரண்ட் எடுக்கிறது, சரி. பெரிய தீனி வேறிடத்தில். கேம் ஆடும் வகை லேப்டாப்புகள் பலவற்றில் திரைக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட், நேராகத் தனி கிராபிக்ஸ் சிப்போடு (கேமுக்கான படங்களை வரையும், கரண்ட் அதிகம் தின்னும் சிப்) இணைந்திருக்கும். கேபிளைச் சொருகிவிட்டால், வெறும் எக்செல் திறந்திருந்தாலும் அந்தச் சிப் தூங்காது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன்: வேலையே இல்லை, சூடு மட்டும் குறையவில்லை.

என்னுடையதில் யூஎஸ்பி-சி போர்ட், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸைச் சேர்ந்தது. படத்தை அந்த வழிக்கு மாற்றியதும் விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. லேப்டாப்பின் சொந்தத் திரையையும் 144 ஹெர்ட்சிலிருந்து (நொடிக்கு 144 தடவை படம் புதுப்பிப்பது) 60க்கு இறக்கினேன். செம்பனைக் குலைக் கணக்குப் போட 144 எதற்கு?

இந்த வயரிங் மாடலுக்கு மாடல் மாறும். என்விடியா சிப் உள்ளவர்கள் அதன் கண்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் (PhysX) என்ற பக்கத்தைத் திறந்தால், எந்தத் திரை எந்தச் சிப்பில் தொங்குகிறது என்று படம் போட்டே காட்டும்.