22 ஆயிரத்துல ஒரு குர்தி பிராண்டு

நேத்து கடைசி குர்தியும் போயிடுச்சுங்க. மொத்தமே 40 பீஸ்தான், சிரிக்காதீங்க.

சீட்டு எடுத்த காசு 22 ஆயிரம், அதுக்கு மேல ஒரு பைசா போடமாட்டேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுதான் ஆரம்பிச்சேன். திருப்பூர்ல விசாரிச்சா கலருக்கு 300 பீஸ் இல்லாம பேசவே மாட்டேங்கிறாங்க, அதான் திங்கட்கிழமை ராத்திரி ஈரோடு கனி மார்க்கெட் போய் சந்தையில நின்னு காட்டன் மீட்டர் 110ன்னு 100 மீட்டர் எடுத்தேன். பீஸுக்கு ரெண்டரை மீட்டர். தையல்கூலி 160, காஜா பட்டன், கவர் எல்லாம் சேத்து 550 அடக்கம், 850க்கு வித்தேன். லேபிள் நெய்யணும்னா ஆயிரத்துக்குக் கம்மியா போடமாட்டாங்களாம், அதனால காடா நாடாவுல ரப்பர் ஸ்டாம்ப் குத்தி இஸ்திரி போட்டு நானே தச்சேன், ரெண்டு நகத்துல இன்னும் மை போகல.

ஆனா ஒரு கூத்து. துணிய நனைச்சு காயவைக்காம அப்படியே வெட்டக் குடுத்துட்டேன். ஒரு அக்கா முதல் சலவைக்கப்புறம் டேப்போட போட்டோ அனுப்புறாங்க, 44 இஞ்ச் இருந்தது 42! அஞ்சு பேருக்கு முழுக்காசும் திருப்பிக் குடுத்தேன். மிச்சம் கையில நின்னது 7750, என் கூலி அதுல கணக்கே இல்ல.

இப்ப மொட்டைமாடிக் கொடி பூரா அடுத்த லாட்டு துணிதான் தொங்குது, மாமியாருக்கு புடவை காயப்போட எடமில்லன்னு சண்டை. இந்த தடவை பாக்கெட் உண்டு, ஃபோன் முழுசா உள்ள போற மாதிரி.