டூயல் பூட் போடப் போறீங்களா, டிஸ்க்க தொடுறதுக்கு முன்னாடி இத படிங்க

ஒரு வழியா ஒரே லேப்டாப்புல விண்டோஸும் லினக்ஸும் ஓடுது, பழைய ஃபைல் ஒண்ணு கூட போகல, இப்பதான் மூச்சே வருது. பார்டிஷன் போடுறதுன்னாலே, அதாவது டிஸ்க்க பிரிக்கிறதுன்னாலே பயப்படுவாங்க, உண்மைய சொன்னா அது கொஞ்ச நேர வேலதான், அதுக்கு முன்னாடி பண்ண வேண்டியதுலதான் உசுரு போச்சு.

மொதல்ல இடம். 512 ஜிபி டிஸ்க்குல பாதிக்கு மேல காலி, ஆனா விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல விண்டோஸ் டிரைவ சுருக்க ஷ்ரிங்க் குடுத்தா 9 ஜிபிக்கு மேல முடியாதுங்குது. கடைசிப் பக்கமா நகத்த முடியாத ஃபைல் ஒண்ணு உக்காந்திருந்தா அதத் தாண்டி சுருக்காது, முன்னாடி எவ்ளோ காலியா கெடந்தாலும் பிரயோஜனம் இல்ல. ஹைபர்னேஷன் (மெமரில இருக்கறத டிஸ்க்ல எழுதிட்டு அணையுறது), பேஜ் ஃபைல் (ரேம் பத்தலன்னா டிஸ்க்ல எடுத்துக்குற இடம்), சிஸ்டம் ரீஸ்டோர் (பழைய நெலைக்குத் திரும்ப எடுத்து வைக்கிறது) மூணையும் ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணதும் கேட்ட இடம் கெடச்சுது. ஷ்ரிங்க் பெட்டி அளவ எம்பிலதான் கேக்கும், 100 ஜிபி வேணும்னா 102400ன்னு போடணும். வேல முடிஞ்சதும் மத்த ரெண்டையும் திரும்ப ஆன் பண்ணிக்கோங்க, ஹைபர்னேஷன மட்டும் அப்டியே விட்ருங்க, விண்டோஸ் சீக்கிரம் ஏறுறதுக்காக முழுசா அணையாம விடுற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோட போயிடும், இல்லன்னா விண்டோஸ் டிரைவ்ல லினக்ஸ்ல இருந்து எதுவும் எழுத முடியாம போகலாம்.

அடுத்ததுதான் பெருசு. பென்டிரைவ்ல பூட் பண்ணா இன்ஸ்டாலருக்கு லேப்டாப் டிஸ்க்கே தெரியல, லிஸ்ட்ல அந்தப் பென்டிரைவ் மட்டும் நிக்குது. லேப்டாப் கம்பெனி ஹெல்ப்லைனுக்கு போன் போட்டா, நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே "எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிடுங்க, வேற வழி கெடையாது"ன்னுட்டாங்க. எவ்ளோ ஈசியா சொல்றாங்க பாருங்க! ஃபார்மேட் பண்ணிருந்தாலும் டிஸ்க் தெரிஞ்சிருக்காது, ஏன்னா பிரச்சன டிஸ்க்லயே இல்ல, பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) ஸ்டோரேஜ் மோட் இன்டெலோட ஆர்எஸ்டில இருந்துச்சு, அத பொதுவான ஏஹெச்சிஐக்கு மாத்தணும், அவ்ளோதான்.

ஆனா டக்குனு மாத்திடாதீங்க, விண்டோஸ் ப்ளூ ஸ்கிரீன் அடிச்சு நின்னுடும். மொதல்ல எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸ் எப்டி பூட் ஆகணும்னு மாத்துற டூல்) சேஃப் பூட் டிக் பண்ணி, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள்ள போய் மாத்தி, விண்டோஸ் சேஃப் மோட்ல வந்தப்பறம் டிக்க எடுத்துட்டு திரும்ப ரீஸ்டார்ட் பண்ணணும். சேஃப் மோட்ல பின் நம்பர் எடுக்காம போகலாம், அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி, டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் என்க்ரிப்ஷனான பிட்லாக்கரோட ரெக்கவரி கீய எடுத்து வைங்க. "நான் பிட்லாக்கரே போடலயே"ன்னு நெனைக்காதீங்க, இப்ப வர்ற நெறைய லேப்டாப்புல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணாலே என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆயிடுது. எனக்கு மோட் மாத்தின கையோட நீல ஸ்கிரீன்ல கீ குடுன்னு வந்து நின்னுச்சு. 48 நம்பர், ஆறு ஆறா எட்டு கட்டம். பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன், வெரல வச்சு ஒவ்வொண்ணா பாத்து அடிச்சு உள்ள போனப்ப வந்த சந்தோஷம் லினக்ஸ் ஏறினப்ப கூட வரல. கீய அதே லேப்டாப்புல சேவ் பண்ணி வைக்கிறவங்கள என்ன சொல்றது.

அப்பறம் இன்ஸ்டால் தானா ஓடி முடிஞ்சுது. காலி இடத்துல ரூட்டுக்கு, அதாவது லினக்ஸ் உக்கார்ற இடத்துக்கு, இஎக்ஸ்டி4ங்கிற லினக்ஸ் ஃபார்மேட்ல ஒரு பார்டிஷன், அவ்ளோதான். ஈஎஃப்ஐன்னு சின்னதா ஒரு ஃபேட்32 பார்டிஷன் இருக்கும், லினக்ஸ் பூட் ஆகுறதுக்கும் அதையே சேத்துக்கோங்க, ஆனா ஃபார்மேட் டிக் மட்டும் விழாம பாத்துக்கோங்க, விண்டோஸ் பூட் ஆகுற ஃபைல் அதுலதான் இருக்கு.

லேப்டாப் ஆன் ஆனதும் எந்த ஓஎஸ் வேணும்னு கேக்குற க்ரப் மெனுல விண்டோஸ் வரலன்னா பதறாதீங்க, அழிஞ்சிருக்காது. க்ரப் 2.06ல இருந்து வேற ஓஎஸ் தேடுற ஓஎஸ்-ப்ரோபர ஆஃப்லயே வச்சிருக்காங்க, க்ரப் செட்டிங் ஃபைல்ல அத ஆன் பண்ணி அப்டேட் குடுத்தா வந்துடும்.