‘தெரியலை’ என்று சொல்லப் பழகிய வருஷம்

பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். பெரிய ஏற்றுமதி கம்பெனி தோலை வெட்டி அனுப்பும். நாங்கள் ஓரத்தைச் சீவி, மடித்து, தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவோம். ஆம்பூரில் பதினோரு வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் நான். 2020-ல் என்னிடம் 34 பேர் வேலை செய்தார்கள். அதில் 29 பேர் பெண்கள்.

மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது, தைத்து முடித்த அப்பர்கள் பெட்டி பெட்டியாக ஷெட்டிலேயே கிடந்தன. ஜனவரி பில்லுக்கே பணம் வரவில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த லோடு யார் அனுப்புவார்கள்? அதனால் யாரும் கொடுப்பதில்லை, நானும் கொடுக்கவில்லை.

அன்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டேன்: “யாரும் பயப்படாதீங்க, ஒருத்தருக்கும் ஒரு ரூபாய் குறையாது.” அப்போது கையில் இருந்தது மூன்று வாரக் கூலி.

ஏப்ரலில் பாதிதான் கொடுக்க முடிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கூட்டிக் கழிப்பேன். அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் நேராக வராது. ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன், இன்னொரு கெட்ட செய்தியைக் கேட்கத் தெம்பில்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் எடுத்துப் பேசினார். நூறு பேர் வரை இருக்கிற இடத்தில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 15,000 ரூபாய்க்குக் கீழே வாங்கினால், தொழிலாளி பங்கும் முதலாளி பங்குமாக 24 சதவீத பி.எஃப். பணத்தை அரசே கட்டுகிறது, நாம் சலான் மட்டும் ஏற்றினால் போதும் என்றார்கள். நல்ல செய்தி சொல்லத்தான் அத்தனை நாளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் மறக்கவில்லை. என் பயத்தில் 34 பேருடைய பணம் போயிருக்கும்.

மே கடைசியில் பாதிப் பேரோடு திறந்தோம். ஒரு வாரம் 17 பேர், அடுத்த வாரம் மற்ற 17 பேர். பஸ் ஓடாததால் வேன் வைத்தேன். சிரித்த முகத்தோடுதான் உள்ளே நடப்பேன். ஆனால் ஜூனில் ஒருநாள், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மூன்றாவது ஊசியை உடைத்தாள். உடைந்த துண்டு முழுவதையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டியாக வேண்டும். ஒரு முனை தோலுக்குள் தங்கினால் லாட் முழுக்கத் திரும்பி வரும். அவள் தரையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தபோதே நான் கத்தினேன். “உனக்கெல்லாம் எவன் வேலை குடுப்பான்?” மெஷின் எல்லாம் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம், ஆம்பூரில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் முதலில் கேட்டது, “எத்தனை மணிக்கும்மா தூங்கற?” அப்புறம், “பொழுது போனதுக்கு அப்புறம் நோட்டைத் தொடாதே. வியாழக்கிழமை தோறும் என்கிட்ட பேசு” என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் சேர்ந்து பயப்படுவார், தொழிலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று நடுங்குவார்கள். என் கம்பெனி மூடினால் சூப்பர்வைசருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதனால்தான் அவரிடம் எல்லாவற்றையும் கொட்ட முடிந்தது. தலைமையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு ஆள் வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

வங்கியில், நிலுவையில் இருக்கும் கடனில் 20 சதவீதம் ஈடில்லாமல் புதிதாகத் தருவதாகச் சொன்னபோது உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை கணக்குப் பார்த்துவிட்டு, கூலிக்கென்றே வாங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை முதலில் அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கணக்கு நோட்டை கட்டிங் டேபிள் மேல் விரித்தேன். “கையில இவ்வளவு இருக்கு. வேனுக்கும் கரண்டுக்கும் போக கூலிக்கு இவ்வளவு. அடுத்த லோடு வருமான்னு எனக்குத் தெரியலை.” அந்தக் கடைசி வார்த்தை தொண்டையில் நின்று நின்று வந்தது.

எல்லோரும் பயந்து கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தோல் சீவுகிற அக்காதான் எழுந்தாள். “இதை மார்ச்சுலயே சொல்லியிருந்தா கம்மலை அடகு வெச்சிருப்பேனே. முழுக் கூலி வரும்னு நீ சொன்னதை நம்பி தண்டல் வாங்கிட்டேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தைரியம் சொல்கிறேன் என்று நான் அவளை வட்டியில் தள்ளியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் நோட்டு மூடியிருக்கவில்லை. நிலுவைப் பணம் செப்டம்பரில் இரண்டு தவணையாக வந்தது. ஏப்ரல் பாக்கியை நவம்பர் 14 தீபாவளிக்கு முன்னால் கொடுத்துத் தீர்த்தேன். அக்காவின் தண்டல் வட்டியை நான் கட்டினேன்.

34 பேரில் 33 பேர் என்னோடு தங்கிவிட்டார்கள். ஊசி உடைத்த பெண் மட்டும் ஜூலையில் வேலையை விட்டுவிட்டாள். நான் கேட்ட மன்னிப்புக்கு அன்றைக்கு அவள் தலையாட்டியதோடு சரி. தீபாவளிக்கு அவளுடைய பாக்கியையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அம்மா வாங்கிக்கொண்டார்.